கொழும்பிலிருந்து குடும்பத்தோடு அருவி நடை: அனுபவப் பகிர்வு (தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையில் இருந்து மூவர் மாறி மாறி எழுதியது)

தெஹிவளை

பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் கன்னெலிய மழைக்காட்டில் தொடங்கலாம். தெற்கு அதிவேகப் பாதையில் காலிக்குப் போய், அங்கிருந்து உடுகம வழியாக ஏற வேண்டும். வாசலில் டிக்கட் எடுக்கும்போதே ஒரு வழிகாட்டியையும் கேட்டு வாங்குங்கள். நாரங்கஸ் எல்ல, அனகிமலே எல்ல என்ற அருவிகள் இரண்டுக்கும் காட்டுக்குள்ளால் பாதை இருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனால், திரும்பும்போது தோளில் சுமக்க வேண்டி வரும்.

ஜனவரி, பெப்ரவரி நல்ல மாதங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் காய்ந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். ஆகவே விடிய 4.30க்கு வெளிக்கிட்டு, பகல் 1 மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்த மாதமானாலும் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், குடும்பத்துக்கு ஒரு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) பக்கெட். டெனிம் வேண்டாம்: நனைந்தால் கனக்கும், காயவும் காயாது.

வெள்ளவத்தை

தெஹிவளை அண்ணா சொன்னதோடு, இரத்தம் குடிக்கும் அட்டையையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் அழுது பாதி வழியில் திரும்புவது பெரும்பாலும் அதனால்தான். காற்சட்டையின் அடியைச் சொக்ஸுக்குள் செருகி, சொக்ஸின் மேல் காய்ந்த சவர்க்காரத்தை அழுத்தித் தேயுங்கள். ஓடையில் கால் நனைந்தால் கரைந்துவிடும், உப்புத் தேய்த்தாலும் அப்படித்தான். திரும்பத் தேய்க்க ஒரு துண்டு பொக்கெட்டில் இருக்கட்டும். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைச் சொக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடித்தால் பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அது தோலில் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைப் பக்கவாட்டாகத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே கழற்றி உடனே சுண்டி எறியுங்கள், பிந்தினால் விரலில் பிடிக்கும். இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்ற பொருளை அது காயத்தில் விட்டுப்போவதால், சின்னக் கடிக்கும் பயப்படும் அளவுக்கு வழியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் நிற்காது.

கொட்டாஞ்சேனை

அட்டையைவிடத் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும். கார் இல்லாதவர்கள் இரத்தினபுரி போகும் 122 பஸ்ஸில் குருவிட்டவில் இறங்கி, ஓட்டோ பிடித்தால் போபத் எல்ல அருவி. நடை குறைவு. 30 மீற்றர் உயரத்திலிருந்து அரச இலை வடிவில் விரிந்து விழும். அந்த அழகிலேயே கவனம் தப்பிவிடும். விழும் இடத்துக்குக் கிட்டே நீந்தவே கூடாது. உள்ளிழுப்பு மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மலையில் பெய்யும் மழையும் கீழே நிற்பவருக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பைகளை விட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஏறுங்கள். போக வேண்டிய பாதை அக்கரையில் இருந்தாலும் கடக்காதீர்கள். மழை விட்டபின் சின்ன ஓடைகள் வேகமாக இறங்கும், காத்திருக்கலாம்.

கறுத்து மினுங்கும் பாறையில் பாசி இருக்கும்; வெளிறிக் காய்ந்த பாறையில் கால் வையுங்கள். பாட்டா செருப்பு இங்கே உதவாது, அடியில் ஆழமாக வெட்டிய ரப்பர் சப்பாத்து வேண்டும்.

தெஹிவளை

பாம்பு விஷயம் விட்டுப்போனது. காய்ந்த இலை நிறத்தில், மூக்கு மேல்நோக்கிய சின்ன விரியன் ஒன்று சருகுக்குள் சுருண்டு கிடக்கும். உட்காருமுன் தடியால் சருகைக் கிளறிப் பாருங்கள். கடித்தால் கட்டு இறுக்குவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வந்து, 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். இங்கே வழமையாகக் கொடுக்கும் இந்திய விஷமுறி இந்த விரியனுக்கு வேலை செய்யாது. ஆகவே பாம்பு எப்படி இருந்தது என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அடித்துக் கொண்டு போகத் தேவையில்லை.