கொல்லிமலைக் காட்டுக்கு ஜிம்னி

குழு: பெரிய வீடு, நாமக்கல்

வெள்ளிக்கிழமை

பிரபு (இரவு 8:41): 📷 வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது! 2023 மாருதி ஜிம்னி ஜீப், ஐந்து கதவு, மேனுவல் கியர். முதல் ஓனர் ஏற்கெனவே வண்டியை 2 இஞ்ச் உயரம் தூக்கி வைத்திருக்கிறார். இனி பெரிய டயரும், சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கிற ஸ்பேசர் வளையமும் போட்டால் வேலை முடிந்தது. பெரியப்பா, உங்கள் யோசனை வேண்டும்.

அம்மா (8:43): அழகாக இருக்கிறது. ஏறுவதற்குத்தான் ஒரு ஸ்டூல் வேண்டும் போல.

பெரியம்மா (8:44): எனக்கு முட்டி மடங்காது சாமி. நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

கவிதா அக்கா (8:50): வாழ்த்துகள்டா. என்ன டயர்?

பிரபு (8:52): 235/75 ஆர் 15, மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்). சக்கரத்துக்கு 30 மில்லிமீட்டர் ஸ்பேசர். பழைய ஓனர் நாலு ஸ்பேசரையும் டிக்கியில் போட்டே கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

கவிதா அக்கா (8:53): சும்மா கொடுத்தாரா? அப்படியானால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் 😄

பெரியப்பா (9:20): தம்பி, ஒன்று சொல். இதெல்லாம் எதற்கு? எங்கே இடிக்கிறது?

பிரபு (9:24): காரவள்ளியிலிருந்து செம்மேடு வரை தார் ரோடு, கவலையே இல்லை பெரியப்பா. அதற்கு மேல் நம் மிளகுக் காட்டுக்குப் போகிற மண் பாதைதான். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. பின் ஆக்சிலில் உருண்டையாக ஒன்று இருக்கிறதே, அது மேட்டில் உரசுகிறது. அதனால்தான் இன்னும் ஒரு இஞ்ச் தூக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெரியப்பா (9:31): அந்த உருண்டை டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் லாரி மாதிரியே ஒரே தண்டாக ஆக்சில். ஸ்பிரிங் உட்கார்வது அந்த ஆக்சிலுக்கு மேலே. நீ ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். மாட்டு வண்டியில் வைக்கோலை உயரமாக ஏற்றினால் அச்சு தரையை விட்டு எழும்புமா? 2 இஞ்ச் தூக்கிய வண்டியே உரசுகிறது என்று நீயே சொல்கிறாய்.

பிரபு (9:33): அப்படியானால் தூக்கியதில் லாபமே இல்லையா?

பெரியப்பா (9:38): இருக்கிறது, இடம் வேறு. ஐந்து கதவு வண்டிக்கு வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே, 2,590 மில்லி. மூன்று கதவு வண்டியை விட நீளம். மேடு ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும். காட்டு வாசலில் அந்த ஏற்றம் இருக்கிறதே, அங்கே தூக்கியது உதவும். டிஃபரன்ஷியலை உயர்த்த வேண்டுமானால் டயர் ஒன்றுதான் வழி. அதனால் டயரை முதலில் முடிவு செய். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

பிரபு (9:40): அதனால்தானே 235 கேட்கிறேன்!

கவிதா அக்கா (9:47): கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கம்பெனி டயர் 195/80 ஆர் 15. மொத்த உயரம் 693 மில்லி. 235/75 போட்டால் 733 சொச்சம். வித்தியாசம் 40. ஆனால் ஆக்சில் இருப்பது டயரின் நடுவில், அதனால் உனக்குக் கிடைப்பது அதில் பாதி, 20 மில்லிதான். 215/75 போட்டால் 703, கிடைப்பது வெறும் 5 மில்லி.

பிரபு (9:48): 20 மில்லி பெரிய விஷயம் அக்கா.

கவிதா அக்கா (9:55): அந்த 20-க்கு நீ கொடுக்கிற விலையைப் பார். உன் ரிம் 5.5 அகலம். 235/75-க்குக் குறைந்தது 6 வேண்டும். ஆக, புது ரிம். பழைய ரிம்மிலேயே போட்டால் டயர் நடுவில் புடைத்து நிற்கும், ஓரம் தேயாமல் நடு மட்டும் தேயும். அடுத்தது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் உள்பக்கம் ஆக்சிலைப் பிடித்திருக்கிற ஆர்மில் உரசும். அதற்கு ஸ்பேசர். ஸ்பேசர் போட்டால் டயர் வெளியே வந்து பம்பர் ஓரத்தில் உரசும். அதை வெட்ட வேண்டும். வண்டி குலுங்கி உட்காரும்போது மேலே இடிக்கும், அதற்கு இன்னும் லிஃப்ட். ஒரு டயரில் ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறோம் பார்.

அம்மா (9:56): இவ்வளவுக்கும் பணம் யார் கொடுப்பது?

பிரபு (9:56): 🙈

கவிதா அக்கா (10:02): இன்னொன்று. இன்ஜினுக்கு டார்க் (திருப்பும் விசை) 134 நியூட்டன் மீட்டர்தான். பெரிய டயர் போட்டால் கியர் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீண்டுவிடும், இழுவை குறையும். டயரின் எடையும் கூடுகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இப்போது இரண்டாவது கியரில் ஏறுகிற இடத்தில் முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63 சொச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பெரியப்பா (10:05): என் மகள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். நாளைக்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வா. ஸ்பேசரையும் எடுத்து வா. படத்தில் பார்த்து இரும்பு வேலை சொல்ல முடியாது.

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 10:15): 📷📷 ஸ்பேசர். எல்லாரும் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஊசி முனை அளவுக்குப் பொடிப் பொடியாக ஓட்டை தெரிகிறதா? அது வார்ப்பு அலுமினியம். எங்கேயோ வார்த்து லேத்தில் கடைந்து கறுப்பு அடித்திருக்கிறார்கள். என்ன கிரேடு என்று எழுத்து இல்லை, செய்தவர் முத்திரையும் இல்லை. நல்ல ஸ்பேசர் 6061-டி6 அல்லது 7075 என்று எழுதி வரும்.

பெரியப்பா (10:21): அடுத்தது நடு ஓட்டை. ஜிம்னி ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) 108 மில்லி. இதன் ஓட்டையில் விரல் நகம் நுழைகிற இடைவெளி. ஹப்பின் வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். இது உட்காராது, ஐந்து போல்ட்டும்தான் மொத்தப் பாரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். 80-ல் போனால் ஸ்டியரிங் நடுங்கும், ஆளைக் கூட்டிப் போய்ச் சக்கரம் பேலன்ஸ் பண்ணிக்கொண்டே இருப்பாய்.

பிரபு (10:24): சரி, இது வேண்டாம். நல்லதாக ஒரு செட் வாங்கினால்?

பெரியப்பா (10:33): நல்லது என்றாலும் யோசி. ஸ்பேசரை முதலில் ஹப்பில் முடுக்க வேண்டும், அதற்கு மேல் சக்கரத்தை முடுக்க வேண்டும். உள்ளே ஐந்து நட்டு, நாலு சக்கரத்துக்கு இருபது. சக்கரத்தைக் கழற்றாமல் அந்த இருபதையும் பார்க்கவே முடியாது. டார்க் ரெஞ்ச் (முடுக்கை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்து 100 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, 100 கிலோமீட்டருக்குள் திரும்பக் கழற்றிச் சரிபார்க்க வேண்டும். பஞ்சர் கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியால் ட்ர்ர் என்று அடித்தால் அது முடுக்கு ஆகாது. நம் ஊரில் எத்தனை பேர் திரும்பக் கழற்றிப் பார்க்கிறார்கள் சொல்.

பிரபு (10:36): அப்புறம் 5 மில்லி தட்டு மாதிரி வருகிறதே, போல்ட் இல்லாமல் நடுவில் சொருகுவது?

பெரியப்பா (10:37): அது இன்னும் மோசம். நட்டு மரையைப் பிடிக்கிற நீளம் 5 மில்லி குறைந்துவிடும்.

பிரபு (10:40): ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கிற அளவு) மாற்றி, டயரை வெளியே தள்ளிய ரிம் வாங்கினால் ஸ்பேசரே வேண்டாமே.

கவிதா அக்கா (10:52): ஒரு ஜாயிண்ட் குறையும், அவ்வளவுதான். வீல் பேரிங்குக்கு இரண்டும் ஒன்றே. ஜிம்னி ரிம் ஆஃப்செட் பிளஸ் 5. 30 மில்லி ஸ்பேசர் போட்டாலும் மைனஸ் 25 ரிம் போட்டாலும் டயர் அதே இடத்தில்தான் நிற்கும். பேரிங்கும், முன் சக்கரம் திரும்புகிற கிங் பின்னும் அதே அளவுக்குக் கூடுதல் பாரம் சுமக்கும். பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையை உதறும்.

பிரபு (10:54): ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் அக்கா. இப்போது சக்கரம் உள்ளே போய், வண்டி மெலிந்த காலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

கவிதா அக்கா (10:55): இப்போதுதான் உண்மை வருகிறது 😂

பெரியம்மா (10:58): பிள்ளை ஆசைப்படுகிறான், விடுங்களேன்.

பெரியப்பா (10:59): நீ பஸ்ஸில் வருகிறவள், உனக்கென்ன.

செந்தில் மாமா (பகல் 12:10): இப்போதுதான் பார்த்தேன். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஷூரன்ஸ் சர்வேயில் தினமும் பார்க்கிற விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது.

பிரபு (12:12): ஊரில் பாதி ஜீப் இப்படித்தானே ஓடுகிறது மாமா?

செந்தில் மாமா (12:16): ஓடும்வரை ஓடும். விபத்து நடந்து கிளெய்முக்கு வரும்போது முதல் படமே சக்கரத்தைத்தான் எடுப்போம். என்ன மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள். 215-ம் கம்பெனி அளவு இல்லை. அதையும் சேர்த்து எழுது. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டு நின்றால் என்னாலும் உதவ முடியாது.

பெரியப்பா (12:20): மாப்பிள்ளை சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்.

பெரியப்பா (மாலை 4:40): வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தாயிற்று. ஸ்பிரிங் பழசு. அதற்கு மேல் ஒரு கறுப்புக் கட்டையை வைத்துத்தான் 2 இஞ்ச் ஏற்றியிருக்கிறார்கள். ஷாக் அப்சார்பரும் பழசே. தூக்கிய உயரத்துக்கு அதன் நீளம் போதவில்லை. வேகத்தடை தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டதா?

பிரபு (4:42): ஆமாம் பெரியப்பா! கதவு என்று நினைத்தேன்.

பெரியப்பா (4:50): கதவு இல்லை. ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு முட்டுகிறது. இப்படியே மலையில் ஓட்டினால் சீல் போய் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். பிரேக் ஹோஸும் ஆக்சில் தொங்கும்போது விறைத்து நிற்கிறது. நான் முதலில் பயந்தது அதற்குத்தான்.

கவிதா அக்கா (4:58): அப்பா, நேர் ரோட்டில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறதா?

பெரியப்பா (5:03): சோம்பலாக வருகிறது. தூக்கியதும் முன் ஆர்ம் சாய்ந்து ஆக்சிலையே கொஞ்சம் உருட்டிவிட்டது, ஸ்டியரிங்கை நேராகத் திருப்பிக் கொண்டுவருகிற சாய்வு, காஸ்டர், குறைந்துவிட்டது. அதற்கு நடு ஓட்டை தள்ளிய புஷ் (ரப்பர் வளையம்) கிடைக்கிறது, ஆர்மில் மாற்ற வேண்டும். டேப் வைத்து அளந்தேன், முன் ஆக்சில் ஒரு பக்கம் ஏழெட்டு மில்லி தள்ளி நிற்கிறது. குறுக்கே ஆக்சிலைப் பிடித்திருக்கிற ராடு சாய்ந்ததால் வந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ராடு போட்டால் நடுவுக்கு வந்துவிடும். அலைன்மெண்ட் கடையில் டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பினால் இவை இரண்டும் போகாது.

பிரபு (5:05): அப்படியானால் கட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய உயரத்துக்கே போய்விடலாமா? செலவும் இல்லை.

பெரியப்பா (5:14): அதுவும் நல்ல முடிவுதான், உனக்குச் சம்மதம் என்றால். ஆனால் காட்டு வாசல் ஏற்றத்துக்கு உயரம் வேண்டும் என்பதும் உண்மை. என் யோசனை 40 மில்லி. கட்டை வேண்டாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பெனியின் ஜோடி. ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு பாரத்துக்கு என்று கேள். முன்னால் இரும்பு பம்பர், வின்ச் வைத்திருக்கிறவர்களுக்கென்று தடித்த ஸ்பிரிங் விற்பார்கள். உன் வண்டி 1,200 கிலோ. ஆளும் மிளகு மூட்டையும் சேர்ந்தாலும் 1,545-ஐத் தாண்டக்கூடாது. லேசான பாரத்துக்கான ஸ்பிரிங் போதும். கனத்ததைப் போட்டால் வெறும் வண்டியில் உன் அம்மா முதுகெலும்பு கழன்றுவிடும்.

அம்மா (5:15): பெரியப்பா சொல்வதையே போடு.

பிரபு (5:18): டயர் 215/75 என்றே வைத்துக்கொள்கிறேன். மட் டெரெய்னா, எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்னா?

பெரியப்பா (5:24): ஆல் டெரெய்ன். நீ மலைக்குப் போவது மாதத்தில் இரண்டு வாரக்கடைசி, மற்ற நாளெல்லாம் கோயம்புத்தூர் தார் ரோடு. மட் டெரெய்ன் பட்டன் ஈரத் தார் ரோட்டில் பிடிப்புக் குறைவு, அவினாசி ரோடு முழுக்க ஊளையிடும். கொல்லிமலை மண் மழையில் வழுக்கும்தான், அதற்கு நாலு சக்கர லோ கியரும் காற்றைக் கொஞ்சம் இறக்குவதும் போதும். இறக்கினால் திரும்ப ஏற்ற சின்ன பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும். காற்று இறக்கிய டயரோடு 70 வளைவு இறங்கக்கூடாது.

கவிதா அக்கா (5:27): யோகோஹாமா ஜியோலாண்டர், பி.எஃப்.குட்ரிச் இரண்டிலும் 215/75 ஆர் 15 ஆல் டெரெய்ன் வருகிறது. பி.எஃப்.குட்ரிச் பக்கச்சுவர் கெட்டி, எடையும் கூட. இந்த இன்ஜினுக்கு நான் லேசானதைத்தான் எடுப்பேன்.

பெரியப்பா (5:29): வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடையில் தூங்கிய டயரைத் தலையில் கட்டிவிடுவார்கள். நாலு இல்லை, ஐந்து வாங்கு. ஸ்டெப்னி வேறு உயரத்தில் இருந்தால் பஞ்சர் ஆன அன்று 4×4 போடவே முடியாது.

பிரபு (5:31): ஐந்தா! 😭 சரி. ஸ்பேசர் வேண்டாம். 40 மில்லி ஸ்பிரிங், ஷாக், முன் ஆர்ம் புஷ், குறுக்கு ராடு, நீளமான பிரேக் ஹோஸ். ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்ய வேண்டும், எதிரில் வருகிற பஸ்காரர் திட்டுவார். ஆனால் பெரியப்பா, இவ்வளவு செய்தும் டிஃபரன்ஷியல் 5 மில்லிதானே உயர்கிறது? மேடு இடிக்கத்தானே போகிறது?

பெரியப்பா (5:36): இடிக்கும்.

பிரபு (5:36): அப்புறம்?

பெரியப்பா (5:41): அப்புறம் மேட்டை வெட்ட வேண்டியதுதான். பாதை நம்முடையது. இரண்டு ஆள், மண்வெட்டி, ஒரு நாள். நடு மேட்டைச் செதுக்கி அந்த மண்ணையும் காட்டில் கிடக்கிற கல்லையும் டிராக்டர் பள்ளத்தில் போட்டு மிதித்தால் ஆறு மாதம் நிற்கும். உன் 235 டயர், ரிம், ஸ்பேசர் மூன்றின் விலையில் பத்து வருடத்துக்குப் பாதை போடலாம்.

செந்தில் மாமா (5:42): இதற்கு இன்ஷூரன்ஸில் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம் 👍

பெரியம்மா (5:44): ஆள் வருகிறார்கள் என்றால் அப்படியே மிளகுக் கொடிக்கு அடியில் களையும் எடுத்துவிடலாமே.

பெரியப்பா (5:45): அதற்குத் தனி நாள், தனிக் கூலி.

பெரியம்மா (5:45): டயர் ஐந்துக்குப் பணம் இருக்கிறது, களைக்கு இல்லையா?

பிரபு (5:47): பெரியம்மா, களைக்கூலி நான் தருகிறேன். சைடில் கால் வைத்து ஏற ஒரு படியும் போடுகிறேன். நீங்கள் வண்டியிலேயே வாருங்கள்.

பெரியம்மா (5:48): படியின் உயரத்தை அளந்து சொல். அப்புறம் பார்க்கலாம்.