சின்ன டிராக்டர் பேக்ஹோவுக்கு ஒற்றைப் பல் செய்தோம், காது பக்கம் விரிசல் விடுகிறது, உதவி தேவை

பண்ருட்டி மேட்டுக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டி பக்கம் எங்கள் காட்டில் பழைய முந்திரியை எடுத்துவிட்டு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி ரக ஒட்டுக்கன்று வைக்கப் போகிறோம். 2011 டிசம்பரில் தானே புயலில் சாய்ந்தது போக மிஞ்சிய மரங்கள் இவை, காய்ப்பு குறைந்துவிட்டது. மரத்தை வெட்டி விறகுக்குக் கொடுத்தாச்சு, அடிக்கட்டை மட்டும் அப்படியே நிற்கிறது.

என்னிடம் 27 எச்.பி. சின்ன டிராக்டரும் பின்னால் மாட்டும் பேக்ஹோவும் (மண் தோண்டும் கை) இருக்கின்றன. அதோடு வந்த பக்கெட் ஒன்றரை அடி அகலம். மேலே இருக்கும் செம்மண்ணை நன்றாக அள்ளும். ஒரு முழம் கீழே போனால் இறுகிப்போன சரளை, அங்கே பக்கெட் சுரண்டுகிறதே தவிர இறங்குவதில்லை. குறுக்கே வேர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பக்கெட் இருக்கும் இடத்தில் மாட்டுகிற மாதிரி ஒற்றைப் பல் ஒன்றை ஊர்ப் பட்டறையில் செய்தோம். லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டைச் சேர்த்துத் தண்டு, முனையைக் கூராக வெட்டியிருக்கிறது, மேலே ஆர்மில் பின் (இணைக்கும் உருளைக் கம்பி) போட்டு மாட்ட 12 எம்எம் பிளேட்டில் துளையிட்ட இரண்டு காது. ஆர்ம் பின்னின் துளை நடுவிலிருந்து முனை வரை 80 செ.மீ. ஆழமாகப் போகட்டும் என்றுதான் நீளமாக வைத்தோம். முதலில் எடுத்த கட்டைகள் அழகாக வந்தன. அப்புறம் காதும் தண்டும் சேரும் இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரிசல் வெல்டிங்கின் மேல் இல்லை, அதை ஒட்டினாற்போல் பட்டையில் ஓடுகிறது. தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைத்தால், புது வெல்டிங்குக்குப் பக்கத்தில் அதே கோடு.

இன்னொன்று, சரளை கெட்டியாக இருக்கும் இடத்தில் பல்லை மடக்கினால் பல் இறங்காமல் வண்டியின் பின்பக்கம் தூக்குகிறது. பிளேட்டை இன்னும் கனமாகப் போட வேண்டுமா, இல்லை வேறு எங்காவது கோளாறா? மழை பிடிப்பதற்குள் குழி எடுத்தாக வேண்டும்.

வில்லியனூர் வெல்டிங்:

என்ன வெல்டிங் ராடு போட்டார்கள், 6013-ஆ 7018-ஆ? பற்றவைக்கும் முன் பட்டையைச் சூடு காட்டினார்களா? முடித்ததும் தண்ணீர் ஊற்றினார்களா?

பண்ருட்டி மேட்டுக்காடு:

சாதாரண ராடுதான் அண்ணே, 6013. சூடு எதுவும் காட்டவில்லை. சீக்கிரம் மாட்ட வேண்டும் என்று தண்ணீர் தெளித்துத்தான் ஆற்றினார்கள்.

வில்லியனூர் வெல்டிங்:

அப்போ கோளாறு அங்கேதான் தம்பி. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்த இரும்பைச் சூடு காட்டாமல் பற்றவைத்தால் வெல்டிங்கை ஒட்டிய ஒரு மெல்லிய பகுதி சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி கடினமாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தண்ணீரும் தெளித்தால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் விரிசல் வெல்டிங்கை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் ஓடுகிறது. நீங்கள் எத்தனை முறை தேய்த்துப் பற்றவைத்தாலும் அந்த ஓரம் புதிதாக உருவாகும், காதுக்குக் கனமான பிளேட் போட்டாலும் இது நிற்காது.

பட்டையில்தான் செய்வேன் என்றால் 250, 300 டிகிரி வரை சூடு ஏற்றி, 7018 ராடால் பற்றவைத்து, முடிந்த உடனே காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து இரவு முழுக்க விட வேண்டும். 7018-ஐ பாக்கெட் பிரித்து வெளியே வைத்தால் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் இழுத்துவிடும், அந்த ஈரமே விரிசலுக்கு வழி. அடுப்பில் காய வைத்த ராடைத்தான் எடுக்கணும். இவ்வளவும் ஒழுங்காக நடக்கும் பட்டறை என்றால் செய்யுங்கள். என்னைக் கேட்டால் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 25 எம்எம் சாதா பிளேட்டில் தண்டை வெட்டுவேன், மண்ணில் தேய்கிற முனைக்கு மட்டும் ஜேசிபி பல்லைப் போல்ட் போட்டு மாட்டுவேன். அது உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நெல்லிக்குப்பம் கரும்புக்காரர்:

ஸ்பிரிங் பட்டை ஆகாது என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாமே. எங்கள் பக்கம் கொல்லர் பட்டறையில் கலப்பைக் கொழுவை அதில்தான் அடிக்கிறார்கள், வருஷக்கணக்கில் உழைக்கிறது.

வில்லியனூர் வெல்டிங்:

உண்மைதான் ஐயா, தேய்மானத்துக்கு அது நல்ல இரும்பு. ஆனால் கொழுவைப் போல்ட் போட்டுத்தானே மாட்டுகிறோம்? கொல்லர் உலையில் காய்ச்சி, அடித்து, பதம் பார்த்துத் தருகிறார். இங்கே பதம் ஏற்றின பட்டையின் நடுவில் வெல்டிங் விழுகிறது. பிரச்சினை அதுதான்.

கடலூர் முதுநகர் லேத்:

வெல்டிங் அண்ணன் சொன்னது சரி. வண்டி தூக்குவது வேறு கதை, அது அளவில் இருக்கிறது. பக்கெட்டை மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் உள்விட்டம் 63 எம்எம், 180 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம், தள்ளும் விசை ஏறக்குறைய ஐந்தரை டன். அது காதில் பிடிக்கும் இடம் பின்னிலிருந்து 20 செ.மீ. தள்ளி என்றால், முனை 55 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது மண்ணில் கிடைப்பது 2 டன். நீங்கள் 80-க்கு நீட்டிவிட்டீர்கள், 1.4 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தோராயக் கணக்குதான், ஆனாலும் எங்கே போகிறது என்று புரியும். கூடவே அந்த நீளம் காதுக்கு வரும் பக்கவாட்டு முறுக்கலையும் ஏற்றிவிடுகிறது. பழைய பக்கெட்டின் பல் முனை பின்னிலிருந்து எவ்வளவு தூரமோ அதை ஒட்டியே வையுங்கள். ஆழம் வேண்டுமானால் இரண்டு தடவையாகப் போகலாம்.

அடுத்தது கோணம். பல்லைக் கழற்றிப் பட்டறைத் தரையில் படுக்கப் போடுங்கள். பின் துளையின் நடுவில் நூலைப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி, பல் முனையைத் தொட்டபடி ஒரு வட்டம் இழுங்கள். முனையைத் தவிர பல்லின் முதுகுப் பக்கம் எதுவும் அந்தக் கோட்டுக்கு வெளியே போகக் கூடாது, முனையிலிருந்து பின்னால் போகப் போக கோட்டுக்கு உள்ளே விலகிக்கொண்டே போகணும். முதுகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முனைக்கு முன்னால் அதுதான் தரையில் உட்காரும், அப்புறம் வண்டி தூக்கத்தானே செய்யும்.

பண்ருட்டி மேட்டுக்காடு:

இப்போதுதான் வட்டம் போட்டுப் பார்த்தேன் அண்ணே. முனைக்கு நாலு விரல் பின்னால், இரண்டு பட்டையும் சேரும் இடம், கோட்டுக்கு வெளியே கட்டைவிரல் அகலம் நிற்கிறது. அந்த இடம் மட்டும் மண் தேய்த்துப் பளபளவென்று இருக்கிறது, முனையில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

கடலூர் முதுநகர் லேத்:

பளபளப்பே சாட்சி சொல்லிவிட்டது. புதுசு செய்யும்போது முதலில் அட்டையில் வெட்டி, பக்கெட் கழற்றின ஆர்மில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பின் துளைக்கும் நடுத்தூரம் பழைய பக்கெட்டில் இருப்பதே வர வேண்டும், அது மாறினால் முழுக்க மடக்கும்போதோ விரிக்கும்போதோ லிங்க் எங்காவது முட்டும். காதுக்கு 16 எம்எம் போடுங்கள், இரண்டு காதுக்கும் நடுவில் முன்னும் பின்னும் பிளேட் வைத்துப் பெட்டி மாதிரி மூடிவிடுங்கள். திறந்து விட்ட இரண்டு காது நேர் இழுப்பைத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. பின் துளைக்குள் போடும் புஷ்ஷுக்கு (உலோக வளையம்) லேத்தில் கடைசல் போட்டு, கிரீஸ் நிப்பிளும் வைத்துவிடுங்கள்.

பாகூர் ஆபரேட்டர்:

எல்லோரும் இரும்பைப் பற்றிச் சொன்னார்கள், நான் ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். பல் மண்ணுக்குள் இருக்கும்போது பூமை (பேக்ஹோவின் பெரிய கை) இடம் வலமாகத் திருப்புகிறீர்களா? கட்டை அசையட்டும் என்று நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கெட்டே அதற்கு ஆகாது, ஒற்றைப் பல் கட்டாயம் ஆகாது. மேலே தூக்கிவிட்டுத்தான் திருப்பணும்.

முந்திரிக்குப் பக்கவேர் நீளமாக ஓடும். கட்டையை நேரே பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் வண்டியின் எடைக்கு அது வராது. இரண்டடி தள்ளிச் சுற்றிலும் பல்லை இறக்கிப் பக்கவேரை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வாருங்கள், முழுச் சுற்றும் முடிந்த பிறகு ஒரு பக்கம் அடியில் கொடுத்து மடக்கினால் ஆணிவேரோடு சாயும்.

முக்கியமாக ஒன்று கேட்கணும். உங்கள் பேக்ஹோ, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி லிங்கில் மட்டும் தொங்குகிறதா, இல்லை டிராக்டர் சேஸிஸ் வரை கீழே சப்-ஃபிரேம் (தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டு மாட்டியிருக்கிறதா? லிங்கில் மட்டும் என்றால் இந்தப் பல்லைப் போட்டுக் கெட்டி மண்ணில் வேலை செய்யாதீர்கள். பல் எங்காவது மாட்டிக்கொண்டால் பேக்ஹோ மொத்தமும் மடிந்து ஓட்டுகிறவரை டிராக்டரோடு சேர்த்து நசுக்கிவிடும்.

பண்ருட்டி மேட்டுக்காடு:

சப்-ஃபிரேம் இருக்கிறது அண்ணே, கீழே இரண்டு பக்கமும் போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறது. கட்டையை அசைக்கத் திருப்பியது உண்மைதான், இனி இல்லை. பெட்டிப் பிளேட்டை வண்டியில் மாட்டி வைத்தபடியே பற்றவைக்கலாமா?

வில்லியனூர் வெல்டிங்:

வேண்டாம் தம்பி, கழற்றித் தரையில் போட்டே செய்யுங்கள். எர்த்தை சேஸிஸில் கொடுத்தால் கரண்டு பின், புஷ், சிலிண்டர் ராடு வழியாகத்தான் திரும்பும், பளபளப்பான ராடில் புள்ளி விழுந்துவிட்டால் சீல் கிழிந்து ஆயில் ஒழுகும். ஒழுகினாலும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி வேலை.

பண்ருட்டி மேட்டுக்காடு:

புதுப் பல் தயார். 25 எம்எம் பிளேட்டில் தண்டு, காது 16 எம்எம், நடுவில் பெட்டி அடைத்தாச்சு, முனையில் ஜேசிபி பல். பின்னிலிருந்து முனைக்கு 58 செ.மீ. பட்டறைக்காரர் அடுப்பில் காய வைத்த 7018 ராடையே போட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். சரளையில் மடக்கினால் இப்போது முனை முதலில் இறங்குகிறது, வண்டி அசையாமல் நிற்கிறது, மண் கட்டி கட்டியாகப் பிளந்து மேலே வருகிறது. சுற்றிவர வேர் அறுத்துவிட்டு அடியில் கொடுத்தால் கட்டை சாய்ந்துவிடுகிறது. காது ஓரத்தை மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசிப் பார்த்தேன், கோடு எதுவும் தெரியவில்லை.

நெல்லிக்குப்பம் கரும்புக்காரர்:

சந்தோஷம். கன்றுக்குக் குழி எடுக்கவும் இதே பல்தானா?

பண்ருட்டி மேட்டுக்காடு:

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. ஐயா. ஒரு வரிசை முழுக்கப் பல்லால் கிளறிவிட்டு, அப்புறம் பக்கெட்டை மாட்டி அள்ளிக்கொண்டே வருகிறோம். பின் இரண்டுதான், கிரீஸ் இருந்தால் சுத்தியலில் லேசாகத் தட்டினாலே வந்துவிடுகிறது, ஒரு ஆளே மாற்றிவிடலாம்.