சைட்பார்ல படம் மாறி மாறி வருகுதில்ல, அவசரம்

நிலாவெளித்தம்பி:
வணக்கம், என்ர வலைப்பூவில திருகோணமலைப் படங்கள் ஒண்டு மாறி ஒண்டு வாற மாதிரி சைட்பார்ல (பக்கத்துப் பட்டையில) போட்டிருக்கிறன், ஆனா கோட்டைக்குள்ள மான் நிக்கிற படம் மட்டும் வருது, பிறகு வெறும் வெள்ளைப் பெட்டி, மூலையில உடைஞ்ச படக்குறி, திரும்ப மான். திருவிழாவுக்கு முதல் சரியாக்கோணும், கெதியாச் சொல்லுங்கோ. லிங்க் புரொஃபைல்ல கிடக்கு.

உப்புவெளி:
பிளாக்கரா வேர்ட்பிரஸ்ஸா? கோட் எங்க?

கடற்காகம்:
லைன் ஸ்லோவா இருக்கும். ஃபோன்ல எடுக்கிற படம் ஒண்டே நாலஞ்சு எம்பி, 300 பிக்சல் பெட்டிக்கு அது எதுக்கு? சுருக்கிப் போடுங்கோ.

பழையகை:
எத்தினையோ தரம் சொன்ன விசயம் தம்பி. குறிச்ச நேரத்துக்கு ஒருக்காக் கோட்ட ஓட்டுற செட்இன்டர்வல் டைமர் எண்டா என்னெண்டு விளங்காம கோட்ட ஒட்டினா இப்பிடித்தான். முதல்ல படிச்சிட்டு வாங்கோ.

நிலாவெளித்தம்பி:
பிளாக்கர். லேஅவுட்டில எச்டிஎம்எல் ஜாவாஸ்கிரிப்ட் கேட்ஜெட்டுக்குள்ள போட்டது, நேரம் 4000. மான் படம் போஸ்ட்டில ஏத்தினது, மற்றதெல்லாம் கூகிள் டிரைவில கிடக்கு.

உப்புவெளி:
அதான் விசயம். டைமர் வேலை செய்யுது, இல்லாட்டி மான் திரும்பி வராது. 4000 எண்டது மில்லிசெக்கன், அதாவது நாலு செக்கன், அதில பிழையில்ல. டிரைவில ஷேர் பண்ணிற லிங்க் படத்தின்ர லிங்க் இல்ல, படத்தக் காட்டுற பக்கத்தின்ர லிங்க். அத இமேஜ் டேக்குக்குள்ள (கோட்டில படத்தக் கூப்பிடுற இடம்) குடுத்தா வராது. எல்லாப் படத்தையும் ஒரு டிராஃப்ட் போஸ்ட்டில ஏத்திப்போட்டு, எச்டிஎம்எல் பார்வைக்குப் போய் ஒவ்வொரு படத்தின்ர முகவரியையும் எடுத்து கோட்டில மாத்துங்கோ. பப்ளிஷ் பண்ணத் தேவையில்ல.

கோணமலை:
அது இருக்கட்டும், மான் படத்துக்குக் கீழ "ஒல்லாந்தர் கட்டின கோட்டை" எண்டு கிடக்கே? 1624ல கட்டினது போர்த்துக்கீசர், அதுவும் கோணேசர் கோயில இடிச்ச கல்லில.

பழையகை:
ஒல்லாந்தர் பிறகு திருத்திக் கட்டினவங்கதானே.

கோணமலை:
திருத்தினவன் கட்டினவன் ஆகிடுவானா? கோட்டைக்குப் பிரெட்ரிக் எண்ட பேர் 1803ல வெள்ளைக்காரன் வைச்சது, அப்ப அவன்ர கோட்டை எண்டுவீங்களா? நம்மட ஊரப் பத்தி வெளியாக்கள் வாசிக்கிற இடம், இடிபட்ட கோயில எழுதாம விடேலாது.

கடற்காகம்:
படத்தச் சுருக்கினீங்களா?

நிலாவெளித்தம்பி:
உப்புவெளி அண்ணை சொன்னபடி செய்தன், இராவணன் வெட்டு, கன்னியா, புறாமலைப் படமெல்லாம் சுத்துது, பெரிய நன்றி. கோட்டைக்குக் கீழ இருந்ததையும் மாத்திட்டன். ஃபோன்ல பாத்தா மட்டும் சைட்பாரே இல்ல.

உப்புவெளி:
எந்தத் தீம்? மொபைல் தீம் தனியாப் போட்டிருக்கா?