1912 அமெரிக்கத் தேர்தல்: பாதி வாக்குகூடப் பெறாத வில்சன் வென்றது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்):
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 1912இல் ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் ஏறத்தாழ 42 விழுக்காடு வாக்குகளே பெற்றிருந்தும், அதிபரைத் தீர்மானிக்கும் மாநிலவாரியான 531 தேர்வாளர் வாக்குகளில் 435ஐ எவ்வாறு பெற்றார்?

மறுமொழி (தக்கலை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
தம்பி, மும்முனைப் போட்டியைப் பார்த்துப் பழகிய நம் மாவட்டத்தாருக்கு இது எளிதில் விளங்கும். 1908இல் அன்றைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தமக்கு அடுத்த அதிபராகத் தாமே முன்னிறுத்திய டாஃப்ட், 1910இல் வனத்துறைத் தலைவர் பின்ஷோவைப் பதவிநீக்கியது முதல் இருவருக்குமிடையே விரிசல் வளர்ந்தது. வேட்பாளர் தெரிவுக்கான மாநில வாக்கெடுப்புகளில் பெரும்பாலானவற்றை ரூஸ்வெல்ட் வென்றிருந்தும், சிகாகோ மாநாட்டில் குடியரசுக் கட்சி டாஃப்டையே தேர்ந்தெடுத்ததால், ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியைத் தொடங்கிப் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியினரின் வாக்குகள் ரூஸ்வெல்டுக்கு 27, டாஃப்டுக்கு 23 விழுக்காடுகளாகப் பிரிந்தன. ஒரு மாநிலத்தில் முதலிடம் பெறுபவருக்கே பெரும்பாலும் அதன் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் சென்றதால், ரூஸ்வெல்டுக்கு 88ம், பதவியில் இருந்த டாஃப்டுக்கு வெறும் 8ம் கிடைத்தன.

மறுமொழி (குளச்சல்):
ஐயா கூறுவது சரியே. ஆயினும் பிளவு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ரூஸ்வெல்டின் ஆதரவாளர் அனைவரும் டாஃப்டுக்கு வாக்களித்திருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. சோசலிஸ்ட் வேட்பாளர் டெப்ஸ்கூட 6 விழுக்காடு பெற்றார் என்பதால், மாற்றத்தை விரும்பியோர் பலர் இருந்தனர் எனலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. டாஃப்ட் பின்னர் என்ன ஆனார்?

மறுமொழி (தக்கலை):
1921இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். அவர் உண்மையில் விரும்பிய பதவியும் அதுதான்.