மணிவிழாவுக்கு ஓர் இசைத்தட்டு

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

ரவி: ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் மணிவிழாவுக்கு, அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் அப்பல்லோ கச்சேரி இசைத்தட்டை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுக்கலாமா?

லலிதா அத்தை: அப்பல்லோ என்றதும் பதறிவிட்டேன். யாரைச் சேர்த்திருக்கிறார்கள்?

ரவி: மருத்துவமனை இல்லை அத்தை. நியூயார்க் ஹார்லெமில் உள்ள அரங்கத்தின் பெயர் அது. 1962 அக்டோபர் 24 அன்று அவர் அங்கே பாடியதைப் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே வந்த பாட்டுகளை மறுபடியும் யார் வாங்குவார்கள் என்று அவர் தட்டுகளை வெளியிட்டுவந்த கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவன முதலாளி சிட் நாதன் கைவிரித்ததால், பிரவுனே தம் பணத்தைப் போட்டார். 1963இல் வெளிவந்த அந்தத் தட்டு பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறி, 66 வாரம் அந்தப் பட்டியலில் இருந்தது.

பெரியப்பா: போன கல்யாணத்துக்குத் தங்கக் காசு வாங்க நானும்தான் என் பணத்தைப் போட்டேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.

மீனா: பெரியப்பா, அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம். ரவி அண்ணா, நான் கேட்டுப் பார்த்தேன், ஒரே கூச்சலாக இருக்கிறது.

ரவி: அந்தக் கூச்சலுக்காகத்தான் வாங்கச் சொல்கிறேன். 'லாஸ்ட் சம்ஒன்' பாட்டை மட்டும் கேள். வாத்தியக்காரர்கள் ஒரே சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அவர் குரலைத் தாழ்த்தியும் உயர்த்தியும் 10 நிமிடத்துக்கு மேல் கூட்டத்தோடு பேசுகிறார். அவர்கள் மெதுவாகக் கத்தினால் போதாதென்று இன்னும் உரக்கக் கத்தச் சொல்கிறார்.

லலிதா அத்தை: நிரவல் செய்கிறார் என்று சொல்லேன், இதற்கு இவ்வளவு நீட்ட வேண்டுமா?

ரவி: நிரவலேதான் அத்தை. ஆனால் இங்கே சபையும் சேர்ந்து பாடுகிறது.

மீனா: சித்தப்பா வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் எங்கே இருக்கிறது?

பெரியப்பா: என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவன்தான் கொடுத்தான்.

லலிதா அத்தை: இரண்டு நாள் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள், அண்ணா?

பெரியப்பா: தங்கக் காசுக் கணக்கு முடியட்டும், பிளேயரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

ரவி: அப்படியானால் தட்டை வாங்கவா, வேண்டாமா?

லலிதா அத்தை: எனக்கு அந்தப் பாட்டை அனுப்பு. பேரன் போட்டுக் காட்டினான். ஒரு பெண் வீறிட்டதும் அவர் உடனே பதில் கொடுக்கிற இடத்தில் அலைபேசி அணைந்துவிட்டது.

ரவி: பழைய தட்டிலும் அந்தப் பாட்டு பாதியில்தான் நிற்கும் அத்தை. திருப்பிப் போட்டால் மீதி வரும்.