புதுப்பிப்பு: கால் புண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எந்தப் பிரிவு?

கடலூரிலிருந்து வந்த மாதிரியில் வளர்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா பற்றி முன்பு கேட்டிருந்தேன். யானைக்கால் வீக்கமுள்ள காலில் புண், செம்மறியாட்டு ரத்த அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் முழு ரத்தச் சிதைவு, கேட்டலேஸ் நொதிச் சோதனை எதிர்மறை, பாசிட்ராசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வில்லையைச் சுற்றி வளர்ச்சியற்ற சிறு வளையம். 'ஏ' பிரிவு (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ்) என்று அறிக்கை தரலாமா என்பதே கேள்வி. பொறுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அது 'ஜி' பிரிவு.

'ஏ' பிரிவில் உள்ள ஒரு நொதியைக் காட்டும் பி.ஒய்.ஆர். வில்லையை ஈரப்படுத்தி, அதில் காலனியைத் தேய்த்து, சற்றுப் பொறுத்து வினைப்பொருளைச் சொட்டினோம். ஒப்பீட்டுக்கு வைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ் பளிச்சென்று செர்ரிச் சிவப்பானது. நம்முடையதில் நிறமே ஏறவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய ஆன்டிஜெனை (அடையாளப் பொருளை) தனித்தனி வட்டத்தில் கண்டறியும் லேட்டெக்ஸ் அட்டையை மெல்லச் சாய்த்து ஆட்டியபோது 'ஜி' வட்டம் மட்டும் மணிமணியாகத் திரண்டது. மற்றவை கலங்கிய பாலாகவே நின்றன.

செல்சுவரின் கார்போஹைட்ரேட்டை வைத்து ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1933இல் வகுத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. பாசிட்ராசினுக்கு 'சி', 'ஜி' பிரிவுகளில் சிலவும் பணிந்துவிடும். அதை மட்டும் நம்பிக் கையெழுத்திடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஸ்ட்ரெப்டோகாக்கஸின் இன்னொரு வகையான ஆஞ்சினோசஸ் குழுவிலும் 'ஜி' ஆன்டிஜென் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவற்றின் காலனிகள் ஊசிமுனையளவே இருக்கும்; இங்கே அரை மில்லிமீட்டருக்கு மேல். சர்க்கரையிலிருந்து அசெட்டாயின் உண்டாகிறதா என்று பார்க்கும் வி.பி. சோதனை அவற்றில் நேர்மறையாக வரும்; இங்கே அதுவும் எதிர்மறை. எனவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே என்றே அறிக்கை தந்தோம்.

மருத்துவர் பென்சிலினையே தொடர்கிறார். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ நச்சுக்கு எதிரான ஏ.எஸ்.ஓ. எதிர்ப்பொருளின் அளவு கூடியிருப்பதைக் கண்டு, 'ஏ' பிரிவோ என்று குழம்ப வேண்டாம். 'சி', 'ஜி' பிரிவுகளும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ சுரக்கும்.