மேலூர்ப் பக்கத்துப் பழைய குவாரியில் சிவப்பு மணிகள்: மாணிக்கமா, வேறு கல்லா?

கேள்வி – ஒத்தக்கடை வாசகர்

வணக்கம். மேலூரை அடுத்த ஓர் ஊரில், உறவினர் ஒருவரின் பட்டா நிலத்தில் வேலை நின்றுபோன கிரானைட் குவாரி இருக்கிறது. கல் சேகரிப்பில் ஆர்வமுள்ளவர்கள் கேட்டுக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் காவலாளியின் துணையோடு உள்ளே சென்று பார்க்க அவர் இசைகிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளை அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். அங்கிருந்து வந்த வெள்ளைக்கல் துண்டு ஒன்றில் மிளகளவு கருஞ்சிவப்பு மணிகள் பதிந்திருக்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் அதை மாணிக்கம் என்கிறார்கள். உண்மை என்ன? உள்ளே எதைத் தேட வேண்டும்?

பதில் 1 – நிலவியல் ஆசிரியர், மதுரை

ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கார்னெட் என்ற சிவப்புக் கனிமமாகத்தான் இருக்க வேண்டும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளே நம் மதுரை வட்டாரத்தில் பரவிக் கிடக்கின்றன. அப்படி உருமாறும்போது இரும்பும் அலுமினியமும் சேர்ந்த பாறையில் கார்னெட் விளைவது இயல்பு. வெளிநாடுகளில் சமையலறை மேடைக்குப் போடும் ‘காஷ்மீர் ஒயிட்’ கல்லில் தெரியும் சிவப்புப் புள்ளிகளும் இவையே. பெயரில்தான் காஷ்மீர், கல் நம் பக்கத்தது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாறையிலிருந்து உதிர்ந்த மணி ஒன்றைத் தண்ணீரில் மிதக்கும் தக்கையின் மேல் வைத்து, நியோடிமியம் காந்தத்தைத் தொடாமல் அருகில் கொண்டுவந்தால், இரும்பு மிகுந்த கார்னெட் தக்கையோடு சேர்ந்து நகர்ந்து வரும். மாணிக்கம் அப்படி நகராது. புற ஊதா டார்ச்சின் ஒளியில் நல்ல மாணிக்கம் அதிலுள்ள குரோமியத்தால் சிவப்பாக ஒளிரும், கார்னெட் இருண்டே இருக்கும். பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் மாணிக்கம் 9. கார்னெட் 7 முதல் 7.5 வரை.

மகள் வெட்டுமுகத்தை (கல் வெட்டி எடுத்த சுவரை) விட்டுவிட்டுக் கழிவுக்கல் குவியலில் தேடட்டும். வெயிலிலும் மழையிலும் நைந்த துண்டுகளில் மணி தானாகவே துருத்திக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு முகங்களும் சிதையாத மணி, தன் பாறையோடு இருந்தால்தான் சேகரிப்புக்கு மதிப்பு. பெயர்த்தெடுத்த மணி பாதி தகவலை இழந்துவிடுகிறது. காக்காப்பொன் (மைக்கா) ஏடுகளும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) கிடைக்கும், அவற்றுக்காகப் பெரிதாக மெனக்கெட வேண்டாம்.

பதில் 2 – குவாரியில் மேற்பார்வை பார்த்தவர்

மேலே உள்ளவர் கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் குழியைப் பற்றிச் சொல்கிறேன். கைவிட்ட குவாரியில் தேங்கிய நீருக்குப் படிப்படியான கரை கிடையாது. செங்குத்தாக வெட்டிய சுவர் நேரே ஆழத்தில் இறங்குகிறது. நீச்சல் தெரிந்தவரும் ஏறிவரப் பிடி கிடைக்காமல் தவிப்பார், ஆகவே விளிம்புக்கே போகாதீர்கள். ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோகக் குழாய் கண்ணில் பட்டால் பாறை வெடியைத் தூண்டும் கேப், வெடிக்காமல் கிடப்பதாக இருக்கலாம். தொடாமல் காவலாளியிடம் சொல்லுங்கள். சுத்தியல் எடுப்பதென்றால் கண்ணாடி கட்டாயம்.

உறவினரின் வாய்ச்சொல்லோடு நிற்காமல் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கு அடங்கும் மாதிரிகளோடு நிறுத்துவது நல்லது. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினால், வழியில் நடைச்சீட்டு (கல் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு) எங்கே என்று கேட்பார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தோம், மணி நகர்ந்தது. பெரியவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் பட்டை தீட்டினால் மோதிரத்துக்கு ஆகுமா? மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கும் கல் தேடிப் போகலாமா?

பதில் 3 – திருச்சியில் கல் தொழில் செய்பவர்

கிரானைட்டில் பதிந்த கார்னெட்டில் பெரும்பாலும் உள்விரிசல் ஓடியிருக்கும், சக்கரத்தில் வைத்ததும் உதிரும். டார்ச்சை மணியின் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஒளி தெளிவாக ஊடுருவினால் மட்டும் தீட்டக் கொடுங்கள், அதுவும் பட்டை வேண்டாம், வழவழப்பான குமிழ் வடிவம் போதும். நகைக்கல்தான் நோக்கமென்றால் சந்திரகாந்தக்கல்லும் அக்குவாமரைனும் கிடைக்கும் கரூர், காங்கேயம் பக்கம் விசாரிக்கலாம்.

பதில் 4 – நிலவியல் ஆசிரியர், மதுரை

அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், ஆனால் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்கும் இதுவே பொருந்தும். குவாரியில் எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அன்றைக்கே இடமும் தேதியும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.